ஸ்கூபாவுக்குப் போகும்போது ஸ்நோர்கெல் எடுத்துச் செல்ல வேண்டுமா?

மழைக்காலம் முடிந்து அக்டோபர் பிறந்துவிட்டால் பெங்களூரில் எங்கள் வட்டத்தில் நேத்ராணிப் பேச்சுத் தொடங்கிவிடும். கர்நாடகக் கரையின் முருடேஸ்வரத்திலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் உள்ளே அரபிக்கடலில் தனித்து நிற்கும் அந்தத் தீவு, இந்த ஊரில் ஸ்கூபா கற்றுக்கொண்டவர்களுக்கு ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடிய நல்ல கடல். அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து மாஸ்க், காலில் மாட்டும் ஃபின், டைவ் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்போது, உடன் வருகிறவர்களில் ஒருவர் தவறாமல் கேட்பார்: "இந்த ஸ்நோர்கெல் எதுக்கு? பயிற்சிக்கு வாங்கினதோட சரி, கடல்ல யாரும் இதை மாட்டிப் பார்த்ததே இல்லையே?"

நியாயமான கேள்விதான். முகத்தை நீரில் வைத்தபடியே மேலே உள்ள காற்றை வாயால் இழுக்க உதவும் குழாய்தான் ஸ்நோர்கெல். நேத்ராணிக்குப் போகும் படகில் பத்துப் பேர் இருந்தால் இரண்டு பேரின் மாஸ்க்கில் ஸ்நோர்கெல் தொங்கினாலே அதிகம். அனுபவசாலிகள் பெரும்பாலும் அதை வைத்துக்கொள்வதில்லை. புதியவர்கள் அவர்களைப் பார்த்துத் தாங்களும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்த கடலில் படகிலிருந்து இறங்குகிற எவரும், அதிலும் முதல் ஐம்பது டைவுகளுக்குள் இருப்பவர்கள், ஸ்நோர்கெலைக் கட்டாயம் உடன் கொண்டுபோக வேண்டும். ஆனால் அது எந்நேரமும் மாஸ்க்கில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பையில் மடித்து வைத்திருந்தாலும் போதும், அலைக்கு நடுவில் அதை எடுத்து மாட்டுவதற்குக் கை பழகியிருக்கிறது என்றால்.

நீருக்கடியில் அதற்கு வேலை இல்லை

ஸ்நோர்கெல் தேவையா என்ற விவாதம் குழம்புவதற்குக் காரணம், அதை ஸ்கூபாக் கருவியாக நினைத்து எடைபோடுவதுதான். சிலிண்டரும், அதன் காற்றை இழுக்க வாயில் கடித்துக்கொள்ளும் ரெகுலேட்டரும் ஆழத்தில் மூச்சு கொடுக்கின்றன. ஸ்நோர்கெல் நீர்மட்டத்தில் மட்டுமே பயன்படும். ஆகவே நாற்பது நிமிடம் கீழே எப்படி இருக்கப் போகிறோம் என்று கேட்பதை விட்டுவிட்டு, மேலே எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட நீரில், எவ்வளவு காற்று மிச்சம் இருக்கும் நிலையில் மிதக்க வேண்டியிருக்கும் என்று கேட்டால் விடை தானாகத் தெளியும்.

காற்றின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நம் நாட்டு டைவ் மையங்களில் பெரும்பாலும் கிடைப்பது சுமார் 11 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று இருக்கும். வழக்கப்படி 50 பார் மிச்சம் வைத்து மேலே வருகிறோம் என்றால் கையில் இருப்பது 550 லிட்டர். நீர்மட்டத்தில் அமைதியாக மிதக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் போதும் என்பதால், அது அரை மணி நேரம் வரும். ஆனால் அலை முகத்தில் அடிக்கிறது, படகு தள்ளி நிற்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்ற நிலையில் அதே மனிதர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பது சாதாரணம். அப்போது பதினான்கு நிமிடத்துக்குள் காற்றுமானியின் முள் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். மிதக்க உதவும் காற்று உடுப்பான பி.சி.டி.யைப் பொத்தானை அழுத்தி ஊதுவதும் இதே காற்றில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. பி.சி.டி.யை நன்றாக ஊதிவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டால் முகம் நீருக்கு மேலேதானே இருக்கும், வாயால் சும்மாவே மூச்சு விடலாமே என்பார்கள். கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடக்கும் நாளில் இது முழு உண்மை. அன்றைக்கு ஸ்நோர்கெல் வெறும் சுமை. ஆனால் குட்டை அலை அடுத்தடுத்து வந்து தலைமேல் உடையும்போது மல்லாந்து படுத்தவரின் மூக்கிலும் வாயிலும்தான் முதலில் தண்ணீர் ஏறும். அதோடு, மல்லாந்தவருக்கு வானம் தெரியுமே தவிர, கீழே என்ன இருக்கிறது, தான் எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படுகிறோம் என்பது தெரியாது.

இது எனக்குப் புத்தக அறிவாக வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம், நானும் என் நாத்தனாரும் நேத்ராணியில் அன்றைய இரண்டாவது டைவ் முடித்து மேலே வந்தோம். காலையில் கண்ணாடியாக இருந்த கடல் பதினொன்றரை மணிக்கு மாறியிருந்தது. எங்களூர் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் எங்களைப் படகு கட்டிய கயிற்றிலிருந்து நன்றாகவே தள்ளிக் கொண்டுவந்திருந்தது. நீங்கள் எங்கே எழுந்தாலும் படகு அங்கே வரும் என்று இறங்குவதற்குமுன் சொல்லியிருந்தார்கள். ஆனால் வேறொரு குழு ஏணியில் ஏறிக்கொண்டிருந்ததால் படகால் நகர முடியவில்லை. முழங்கை உயரமே இருந்த அலைகள், ஒன்று அடங்குமுன் மற்றொன்றாக வந்தன. அவளுடைய ஸ்நோர்கெல் முருடேஸ்வரத்து அறையில், கட்டிலுக்கடியில் கிடந்தது.

அவள் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. எடுக்க அஞ்சினாள் என்பதே சரி. நான் அவளுடைய காற்றுமானியைத் திருப்பிப் பார்த்தபோது 60 பார் காட்டியது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தபோது அது 20. நான் அதற்குள் என் பி.சி.டி. பையிலிருந்து மடிப்பு ஸ்நோர்கெலை எடுத்து மாட்டி, முகத்தைக் கீழே வைத்துப் பார்த்தேன். கீழே பாறைச் சரிவு மெல்லப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது; நாங்கள் தீவை விட்டு விலகுகிறோம் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. அந்தச் சரிவையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டு, இருவரும் கைகோத்து, நகராமல் இருக்கும் அளவுக்கு மட்டும் ஃபின்னை அடித்தோம். பிறகு ஸ்நோர்கெலை அவளிடம் கொடுத்துவிட்டு, அலை வரும் பக்கம் முதுகைக் காட்டி நான் மறைத்துக்கொண்டேன். அந்தக் குழாயில் நான்கைந்து மூச்சு விட்டதும் அவள் தோள் இறங்கியது கையில் தெரிந்தது. படகு வர மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஏணியில் ஏறி உட்கார்ந்ததும், "அண்ணி, காத்து முழுசா தீர்ந்திருந்தா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். நமக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை. மேலே வந்தபின் படகு நம்மைக் கண்டு, நம்மிடம் வந்து சேரும்வரை நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.

குழாய் ஏன் இவ்வளவு குட்டை?

பயன்படுத்தும் முறை புரிய, இதன் இயக்கத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்நோர்கெல் 35 முதல் 40 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். நீளமான குழாய் வைத்துக்கொண்டு ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தபடி மூச்சு விடலாமே என்று சிறுவர்கள் கேட்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 100 கிராம் எடை கூடுதலாக அழுத்துகிறது. மார்பின் முன்புறத்தை அடிக்கு அடி சதுரம் என்று கொண்டாலே அது 90 கிலோவுக்கு மேல். குழாய் வழியாக நுரையீரலுக்குள் இருப்பதோ மேல்மட்டத்துக் காற்றழுத்தம். 90 கிலோவைத் தூக்கிக்கொண்டு விலா எலும்பு விரியாது. தும்பிக்கை வழியாக அப்படி மூச்சு விட யானையால் மட்டும் எப்படி முடிகிறது என்றால், அதன் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவில் நமக்கிருப்பதுபோன்ற வழுக்கும் இடைவெளி இல்லை. கெட்டியான திசு இரண்டையும் சேர்த்து ஒட்டிவைத்திருக்கிறது. அந்தமானின் ஹேவ்லாக் தீவில், இன்றைய சுவராஜ் த்வீப்பில், கடலில் நீந்திப் புகழ்பெற்று 2016இல் இறந்த ராஜன் என்ற யானை தும்பிக்கையை மேலே நீட்டிக்கொண்டு உடலை ஆழத்தில் வைத்துப் போக முடிந்தது இதனால்தான்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. நாம் சாதாரணமாக இழுக்கும் ஒரு மூச்சு சுமார் 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடும். நுரையீரலின் உள்ளே போய்ப் பயன்படுவது 350. ஸ்நோர்கெலைக் கடித்துக்கொண்டால் அதன் உள்ளிடமும் சேர்ந்து இன்னொரு 120 மில்லிலிட்டர் வரை, நாம் சற்றுமுன் வெளியே விட்ட பழைய காற்றாகவே திரும்பி வரும். அப்போது பயன்படுவது 230. பயத்தில் மேலோட்டமாக 300 மில்லிலிட்டர் மட்டும் இழுத்து இழுத்து விட்டால் கணக்கு 30 மில்லிலிட்டரில் வந்து நிற்கும். எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாலும் மூச்சு முட்டும். ஸ்நோர்கெலில் மூச்சு விடுவதை மெதுவாகவும் ஆழமாகவும் பழக வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். குழாய் மேலும் நீண்டாலோ மிக அகலமானாலோ இந்தப் பழைய காற்று கூடும். மிக ஒடுங்கினால் இழுக்கவே சிரமமாகும். இரண்டு சென்டிமீட்டர் அளவிலான உள்விட்டம் பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும்.

எதை வாங்குவது?

கடையில் மூன்று வகை வைத்திருப்பார்கள். வளைந்த சாதாரணக் குழாய் ஒன்று. மேலே மிதவை மூடி வைத்து, மூழ்கினால் தானே அடைத்துக்கொள்ளும் வகை ஒன்று. சிலிக்கோனால் ஆன, சுருட்டிப் பையில் வைக்கும் வகை ஒன்று. ஸ்நோர்கெலிங்குக்கு மட்டும் போகிறவர்களுக்கு இரண்டாவது வகை வசதி. ஸ்கூபாவுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை: தலைப்பகுதி கனமானது, நீருக்கடியில் நீரோட்டம் அதைப் பிடித்து அசைக்க, அந்த அசைவு மாஸ்க் பட்டைக்குப் போய், பட்டையிலிருந்து மாஸ்க்கின் விளிம்புக்குப் போய், கன்னத்தோரம் தண்ணீர் கசியத் தொடங்கும். பலர் மாஸ்க் சரியில்லை என்று புது மாஸ்க் வாங்குகிறார்கள்; குற்றவாளி ஸ்நோர்கெலாக இருந்திருக்கும்.

மாஸ்க்கில் மாட்டியே இறங்குவதானால் எளிய வளைகுழாய், பையில் வைப்பதானால் மடிப்பு வகை. மடிப்பு வகையை வாங்கும்போது அது உங்கள் பி.சி.டி. பைக்குள் நுழைகிறதா, ஒரு கையால் இழுத்தால் வெளியே வருகிறதா, விட்டவுடன் நிமிர்ந்து நிற்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். மையத்தின் பி.சி.டி.யை வாடகைக்கு எடுப்பவரானால், பையே இல்லாத பி.சி.டி. கிடைக்கக்கூடும், அப்போது தொடையில் கட்டும் சிறு பை வேண்டியிருக்கும். வாய்க்கட்டை மென்மையான சிலிக்கோனாக இருக்கட்டும். குழாயின் உச்சியில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் பட்டை இருப்பதையே தேர்ந்தெடுங்கள். அலைக்கு நடுவில் படகோட்டியின் கண்ணுக்குத் தெரிவது பல நேரங்களில் அந்தப் பட்டைதான்.

அடியில் நீர் வெளியேற வால்வு உள்ள ஸ்நோர்கெலானால் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். மேல்துளையை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு வாய்க்கட்டை வழியாகக் காற்றை உறிஞ்சுங்கள். உள்ளங்கை இழுபட்டு ஒட்டிக்கொண்டால் வால்வு நல்லது. காற்று வந்தால் அது கசிகிறது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இதை வீட்டில் செய்து பாருங்கள். ஒரு மணல் துகள் வால்வின் ஓரத்தில் சிக்கியிருந்தாலே போதும், அலையில் மூச்சுக்குப் பதில் உப்புத் தண்ணீர் வரும்.

முகம் முழுவதையும் மூடும் ஸ்நோர்கெல் மாஸ்க்குகளும் இப்போது நிறைய விற்கின்றன. ஸ்கூபாவில் அவற்றுக்கு இடமே இல்லை. ரெகுலேட்டரை வாயில் வைக்க முடியாது, மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்ய முடியாது.

மாட்டுவதும் பழகுவதும்

ஸ்நோர்கெல் எப்போதும் இடப்பக்கம். ரெகுலேட்டரின் குழாய் வலத்தோளின் மேலாக வருவதால் வலப்பக்கம் மாட்டினால் இரண்டும் சண்டையிடும். மாஸ்க் பட்டையில், இடக்காதுக்குச் சற்று முன்னால் வரும்படி கவ்வியைப் பொருத்துங்கள். பிறகு முகத்தைக் குனிந்து, நீரைப் பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டு, வாய்க்கட்டை இழுக்காமல் உதட்டுக்கு வருகிறதா, குழாயின் உச்சி நேராக மேலே நிற்கிறதா என்று பாருங்கள். உச்சி பின்னால் சாய்ந்திருந்தால் ஒவ்வோர் அலையும் உள்ளே வரும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் கவ்வியைப் பட்டையில் மாட்டிய பிறகே மாஸ்க்கை அணியுங்கள். அணிந்தபின் மாட்டினால் முடி கவ்வியில் சிக்கி, அவசரத்தில் கழற்றும்போது மாஸ்க்கும் சேர்ந்து வந்துவிடும். நான் சடையை இறுக்கப் பின்னிப் பி.சி.டி.யின் கழுத்துக்குள் விட்டுவிடுகிறேன்.

பழகுவதற்குக் கடல் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் நான்கடி ஆழ நீச்சல் குளமே போதும், கரையில் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தால். முதலில் நின்றபடியே முகத்தை மட்டும் நீரில் வைத்து, ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள். அடுத்து வேண்டுமென்றே தலையைத் தாழ்த்திக் குழாயில் நீரை நிரப்பி, மேலே வந்ததும் ஊதுகுழலில் நெருப்பை ஊதுவதுபோல ஒரே மூச்சில் பலமாக ஊதி வெளியேற்றுங்கள். அதன்பின் வரும் முதல் மூச்சை மட்டும் சிறிதாக, நாக்கை வாய்க்கட்டையின் துளைக்கு முன்னால் வைத்துக்கொண்டு இழுக்க வேண்டும். மிச்சத் துளி இருந்தால் நாக்கில் தடுபடும், தொண்டைக்குப் போகாது. இந்த ஒரு சிறு பழக்கம் எத்தனையோ இருமலைத் தவிர்க்கும்.

இது கைவந்த பிறகு மடிப்பு ஸ்நோர்கெல் வைத்திருப்பவர்களுக்கான பயிற்சி. கால் எட்டாத இடத்தில், மிதவை அணிந்துகொண்டு, மாஸ்க்கைக் கழற்றாமல், பையிலிருந்து எடுத்து, கண்ணால் பார்க்காமல் பட்டையில் செருகுங்கள். முதல் தடவை எனக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. கவ்வி எந்தப் பக்கம் திறக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. இருபது வினாடிக்குள் செருக முடிகிறவரை திரும்பத் திரும்பச் செய்தேன். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் பட்டையில் செருகாமல் கையால் பிடித்துக்கொண்டே மூச்சு விடவும் பழகலாம். அதுவும் காப்பாற்றும், ஒரு கை மட்டும் கட்டுண்டுவிடும். இந்தப் பயிற்சி இல்லாமல் பையில் கிடக்கும் ஸ்நோர்கெலும் கட்டிலுக்கடியில் கிடக்கும் ஸ்நோர்கெலும் ஒன்றுதான்.

ரெகுலேட்டரும் ஸ்நோர்கெலும் மாற்றி மாற்றிப் பொருத்துவதை மட்டும் பயிற்சியாளர் உடன் இருக்கும்போது செய்யுங்கள். பி.ஏ.டி.ஐ. அமைப்பின் ஓப்பன் வாட்டர் பயிற்சியில் இது கற்பிக்கப்படும் திறன்களில் ஒன்று. முகத்தை நீரிலேயே வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்து, ஊதி நீரை வெளியேற்றிய பிறகே மூச்சு இழுக்க வேண்டும். பயிற்சியில் இருப்பவர்கள் ஸ்நோர்கெல் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கவே வேண்டாம்; எடுத்துச் செல்லுங்கள்.

படகில் தீர்மானிப்பது

இறங்கும் இடத்தைப் பற்றி டைவ் மாஸ்டர் விளக்கும்போது சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். படகு கயிற்றில் கட்டியே நிற்குமா, நம்மைத் தேடி வருமா? ஒரே நேரத்தில் எத்தனை குழுக்கள் இறங்குகின்றன? நீரோட்டம் எந்தப் பக்கம்? மேற்குக் கரையில் நண்பகலை நெருங்க நெருங்கக் கடற்காற்று எழும். காலை டைவுக்குத் தேவைப்படாத ஸ்நோர்கெல் இரண்டாவது டைவுக்குத் தேவைப்படலாம். கரையிலிருந்து நீந்திப் போய் இறங்குவதானால் ஐயமே வேண்டாம், மாஸ்க்கில் மாட்டிக்கொண்டே போங்கள்: போகும்போது சிலிண்டர் காற்று மிச்சமாகும், கீழே பார்த்துக்கொண்டே போவதால் இறங்க வேண்டிய இடமும் தப்பாது. உங்கள் பி.சி.டி. எந்த வகை என்பதும் கணக்கில் வரும். மேலங்கி போன்ற பி.சி.டி. உங்களை நிமிர்த்தி வைக்கும். முதுகில் மட்டும் காற்று நிரம்பும் வகையோ முகத்தை முன்னால் தள்ளும், அத்தகையவர்களுக்கு ஸ்நோர்கெல் கூடுதல் துணை.

வேண்டாம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. குகைக்குள்ளோ மூழ்கிய கப்பலுக்குள்ளோ நுழைகிறவர்கள் மாஸ்க்கில் எதையும் தொங்கவிடக் கூடாது. வழிகாட்டிக் கயிறு அதில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மீன்வலைகள் கிழிந்து கிடக்கும் பாறைப் பகுதிகளிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். பலமான நீரோட்டத்தில் மிதந்து போகும் டைவுக்குப் பையில் இருக்கட்டும். சான்றிதழ் இல்லாமல் ஒருமுறை இறங்கிப் பார்க்கிறவர்களை, நேத்ராணியானாலும் மகாராஷ்டிரத்தின் மால்வணானாலும், பயிற்சியாளர் கையைப் பிடித்தே அழைத்துச் சென்று கொண்டுவந்து விடுவார். அவர்களுக்கு இது தேவையில்லை.

இறங்கும்போது செய்யக்கூடாத ஒரு தவறு இருக்கிறது. படகருகே ஸ்நோர்கெலில் மூச்சு விட்டபடி காத்திருந்துவிட்டு, சைகை வந்ததும் அதை வாயில் வைத்தபடியே பி.சி.டி. காற்றை வெளியேற்றிவிடுவது. புதியவர்களுக்கு இது நடக்கும். முகத்தருகே இரண்டு வாய்க்கட்டைகள் இருப்பதுதான் ஸ்நோர்கெலுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் நான் மிகவும் மதிக்கும் காரணம். தீர்வு, இறங்குமுன் ரெகுலேட்டரில் இரண்டு முறை மூச்சு விட்டு, அதே வேளையில் காற்றுமானியைப் பார்ப்பது. முள் ஆடாமல் நின்று, மூச்சு தங்குதடையின்றி வந்த பிறகே கீழே போக வேண்டும்.

மேலே வரும்போது வரிசை இப்படி: முதலில் பி.சி.டி.யை ஊதுங்கள், துணையைப் பாருங்கள், படகுக்குச் சைகை காட்டுங்கள், அடையாள மிதவை இருந்தால் நிமிர்த்துங்கள். மிதப்பு உறுதியானதும்தான் ரெகுலேட்டரை எடுத்து ஸ்நோர்கெலை வைக்க வேண்டும். மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்ற வேண்டாம். ஓர் அலை வந்தால் ஸ்நோர்கெலோடு சேர்ந்து போய்விடும். படகு நெருங்கி ஏணியைப் பிடிக்கும் நேரம் வந்ததும் மறுபடி ரெகுலேட்டருக்கு மாறுங்கள். ஏணியிலிருந்து கை நழுவி விழுந்தால், அல்லது மேலே ஏறுகிறவர் நம்மீது விழுந்தால், நாம் நீருக்கு அடியில் போய்விடுவோம். அங்கே ஸ்நோர்கெல் உதவாது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே சிலிண்டரில் காற்றை மிச்சம் வைக்கச் சொல்கிறேன், ஸ்நோர்கெல் அதை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

திரும்பும் பயணத்தைப் பற்றியும் ஒரு சொல். டைவ் முடித்த உடனே உயரத்துக்குப் போவது உடலுக்கு ஆபத்து; பெங்களூரோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன் ஒரு டைவுக்கு 12 மணி நேரமும் பல டைவுகளுக்கு 18 மணி நேரமும் இடைவெளி விடச் சொல்வதுபோல, மலைத்தொடரைத் தாண்டி இங்கே வருவதற்கும் அதே இடைவெளியை விடுவது நல்லது. ஞாயிறு இரவே வண்டி ஏறாமல் அன்று அங்கேயே தங்கினால், கருவிகளை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தவும் நேரம் கிடைக்கும்.

ஸ்நோர்கெலை அலசும்போது வால்வைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளி அதன் உள்பக்கமும் தண்ணீர் போகும்படி செய்யுங்கள். வாய்க்கட்டையின் மடிப்புகளில் உப்போடு எச்சிலும் தங்கும் என்பதால் சிறிது பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலால் தேய்த்து விடுங்கள். வெயிலில் காயவைத்தால் சிலிக்கோன் மஞ்சளித்து இறுகும், நிழலே நல்லது. மடிப்பு வகையைச் சுருட்டிய நிலையிலேயே பெட்டியில் போட்டு மழைக்காலம் முழுவதும் வைத்துவிட்டால், அக்டோபரில் எடுக்கும்போது மடிந்த இடத்தில் குழாய் நெரிந்தே நிற்கும், காற்றும் அங்கே தடைபடும். நாத்தனாருடையதும் என்னுடையதும் எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறம் இரண்டு ஆணிகளில் நேராகத் தொங்குகின்றன.